ராஜபாளையம் நாய்: கெட்ட பெயரும் உண்மை நிலையும்
தோட்டக் காவலுக்கு நாய் எடுப்போர் கவனிக்க வேண்டியவை

தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பது நம் உழவர்களிடையே தொன்றுதொட்டு இருந்து வரும் வழக்கம். பம்புசெட் அறை, களத்தில் குவித்த தானியம், தொழுவில் கட்டிய ஆடு மாடு ஆகிய அனைத்திற்கும் இரவில் துணை நாய்தான். தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரம் பகுதியில் இத்தேவை சற்று அதிகம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஆடி மாதத்தையொட்டி இங்கே சூரியகாந்தி பூக்கும்போது, சுற்றுலா வருவோர் திரளாக வயல்களுக்கு வந்துவிடுகின்றனர். வரப்போடு நில்லாமல் பயிருக்குள் இறங்கிப் படம் எடுப்போரும் உண்டு. மேற்கே மலையையொட்டிய நிலங்களில் இரவு வந்தால் காட்டுப்பன்றித் தொல்லை. இந்நிலையில் நல்ல நாய் ஒன்று இருந்தால் தேவலை என்று சிறு விவசாயி எண்ணுவது இயல்பே.

அப்படி எண்ணுவோர் மனத்தில் முதலில் தோன்றுவது ராஜபாளையம் நாய். உடனே வீட்டிலுள்ளோர், "அது கடிநாய் ஆயிற்றே! பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்கு அது ஆகுமா?" என்று தடுக்கின்றனர். இந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, இந்த நாயை எடுத்தால் கடிக்காத நாயாக வளர்ப்பது எப்படி என்பவற்றை உழவர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்தல் நலம்.

இந்த இனத்தின் வரலாறு

தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி ஆகிய ஊர்களைத் தாண்டினால் வரும் ராஜபாளையமே இந்த இனத்தின் தாயகம். உடல் முழுதும் பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒடுங்கிய வயிறு ஆகியவை இதன் அடையாளங்கள். வளர்ந்த ஆண் நாய் தோள் வரை சுமார் 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். பாளையக்காரர் காலம் முதல் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இதை வளர்த்து வந்தனர் என்பர்.

நம் தென் மாவட்டங்களின் பிற இனங்களையும் இதனோடு சேர்த்து அறிந்துகொள்வது நல்லது. தேனி மாவட்டத்துக் கோம்பை செம்பழுப்பு நிறமும் கறுத்த முகவாயும் கொண்டது. வேட்டையிலும் காவலிலும் பெயர் பெற்றது. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும், அதையொத்த கன்னி இனமும் மெலிந்த உடலும் மிகுந்த வேகமும் உடையவை. முயல் விரட்டப் பயன்பட்டவை. இந்நான்கில் 'கடிநாய்' என்ற பெயர் அதிகம் கேட்பது ராஜபாளையமும் கோம்பையுமே.

இந்த இனங்களுக்கு மதிப்பும் குறைவில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று ராஜபாளையம். அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் நிறுவனம் நாட்டில் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகியவை.

குற்றம் இனத்தின் மீதா?

ஒரு நாயின் குணத்தை அதன் இனம் எந்த அளவு தீர்மானிக்கிறது என்பது பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. 2022 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் குணம் பற்றி வளர்ப்போரிடம் கேட்டறியப்பட்டது. 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவும் ஆராயப்பட்டது. நாய்க்கு நாய் குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்கக்கூடிய பங்கு சுமார் 9 விழுக்காடு மட்டுமே என்று தெரிய வந்தது. நெதர்லாந்து நாடு 1993-இல் பிட்புல் வகை நாய்களைத் தடை செய்தது. நாய்க்கடி குறையவில்லை என்று கண்டு 2008-இல் அத்தடையை நீக்கியது.

நம் நாட்டில் 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை 23 வகை நாய்களைக் குறிப்பிட்டு, அவற்றை வளர்க்க உரிமம் வழங்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வைலர் போன்றவை அதில் இருந்தன. ராஜபாளையமோ கோம்பையோ இல்லை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அக்கடிதத்தை ரத்து செய்தது.

இவற்றைக் கொண்டு இனம் பொருட்டே அல்ல என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்நியரைக் கண்டால் சந்தேகப்படும் இயல்பு காவல் இனங்களுக்கு உண்டு. அதற்காகத்தான் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். மேலும் சிறிய நாயின் கடியும், 70 செ.மீ. உயர நாயின் கடியும் ஒன்றல்ல. 5 வயதுக் குழந்தையின் முகம் பெரிய நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. ஆகவே பெரிய நாயை வளர்ப்பவர் சிறிய நாயை வளர்ப்பவரை விடப் பல மடங்கு கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர்.

கடிநாய் ஆவது எதனால்?

ராஜபாளையம் நாய் கடிக்கும் குணம் கொள்வதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. மூன்றையும் வளர்ப்பவரால் அறியவோ தவிர்க்கவோ முடியும்.

1. செவிட்டுத் தன்மை. இதைப் பலரும் அறிவதில்லை. உட்செவி சரிவர இயங்க நிறமிச் செல்கள் தேவை. உடல் முழுதும் வெள்ளையாக உள்ள நாய்களில் சிலவற்றுக்கு இச்செல்கள் உட்செவியில் இருப்பதில்லை. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு முனைகள் கெட்டு, குட்டி நிரந்தரமாகச் செவிடாகிவிடுகிறது. சில குட்டிகளுக்கு இரு காதும் கேளாது; சிலவற்றுக்கு ஒரு காது மட்டும். இக்குறை ராஜபாளையம் இனத்தில் காணப்படுகிறது. இத்தகைய நாய் தூங்கும்போது பிள்ளைகள் ஓடிவந்து தொட்டால், வருவது தெரியாததால் திடுக்கிட்டு எழுந்து கடித்துவிடும். கூப்பிட்டால் வராது, அதட்டினால் நிற்காது. வீட்டார் இதைத் திமிர் என்றும், வெறிக் குணம் என்றும் எண்ணி அடிக்கின்றனர். அடி வாங்கிய நாய் மேலும் கடிக்கிறது.

2. ஓயாத சங்கிலி. காவல் நாயை ஆளைப் பார்க்கவிடாமல் நாள் முழுதும் கட்டிப் போட்டால்தான் மூர்க்கம் வரும் என்ற நம்பிக்கை நாட்டுப்புறத்தில் இருக்கிறது. மூர்க்கம் வருவது உண்மை; அது காவலுக்கு உதவும் மூர்க்கம் அன்று. கட்டப்பட்ட நாயால் விலகி ஓட முடியாது. அச்சம் வந்தால் அதற்கு உள்ள ஒரே வழி பாய்வதுதான். அமெரிக்காவின் டென்வர் நகரில் செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டனர். கடித்தவற்றில் சங்கிலியில் கட்டி வளர்த்தவையும், கருத்தடை செய்யப்படாதவையும் மிகுதியாக இருந்தன.

3. பழக்காத பிள்ளைப் பருவம். குட்டிக்கு 3-ஆவது வாரம் முதல் சுமார் 14-ஆவது வாரம் வரை உலகத்தை அறிந்துகொள்ளும் பருவம். அந்த வயதில் கண்ட மனிதர், ஓசை, வாகனம், பிற கால்நடை ஆகியவற்றைத் தனக்குப் பழகியவை என்று ஏற்றுக்கொள்கிறது. அப்போது காணாதவற்றை வளர்ந்தபின் கண்டால் பகை என்று கொள்கிறது. தோட்டத்து அறையிலேயே அடைத்து, ஒருவர் மட்டும் சோறு வைத்து வளர்த்த குட்டிக்கு அந்த ஒருவர் தவிர மற்ற அனைவரும் அந்நியரே. 'ஒரே எசமானுக்கு அடங்கும் நாய்' என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இப்படி உண்டாக்கப்பட்டதே.

குட்டி தேர்ந்தெடுக்கும் முறை

* 8 வாரம் நிறைவதற்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கலாகாது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படியும் அதற்கு முன் விற்கக் கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி கற்கிறது.

* தாய் நாயை நேரில் பார்க்காமல் குட்டி வாங்க வேண்டாம். உரிமையாளர் அருகில் இருக்கும்போது தாய் நாய் குரைத்துவிட்டுப் பின் அமைதி அடைகிறதா என்று கவனிக்க வேண்டும். நடுங்கி ஒளியும் தாயின் குட்டியையும், உரிமையாளர் அதட்டியும் அடங்காத தாயின் குட்டியையும் தவிர்த்தல் நலம்.

* குட்டிகளில் முதலில் பாய்ந்து வந்து மற்றவற்றை மிதித்து ஏறுவதும், மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும் குடும்பத்துக்கு ஏற்றவை அல்ல. தயங்காமல் வந்து முகர்ந்து பார்த்து, மல்லாத்திப் பிடித்தால் சற்றுத் துள்ளிப் பின் அடங்கும் குட்டி நல்லது.

* காது கேட்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும். குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே விட வேண்டும். இல்லையேல் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பி நம்மை ஏமாற்றிவிடும். குட்டிக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒருமுறை தட்டலாம். தரையில் காலை உதைப்பதும், காற்று அதன் மேல் படும்படி அருகில் கை தட்டுவதும் கூடாது. அதிர்வை உணர்ந்தே செவிட்டுக் குட்டி திரும்பிவிடும். தூங்கும்போதும் ஒருமுறை சோதிக்கலாம். 2, 3 முறையும் காதை அசைக்காத, திரும்பாத குட்டி செவிடு என்று கொள்ளலாம்.

* ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனையால் கண்டறிய இயலாது. அத்தகைய நாய் ஓசை வரும் திசை தெரியாமல் தடுமாறும். அதற்கென உள்ள கருவிகளால்தான் உறுதி செய்ய முடியும்.

செவிட்டு நாய் கெட்ட நாய் அன்று. கைச் சைகையால் பழக்கி, வீட்டோடு அமைதியாக வளர்க்கலாம். ஆனால் ஆள் வந்து போகும் தோட்டத்தில் அவிழ்த்துவிடவும், சிறு குழந்தை உள்ள வீட்டில் வைக்கவும் அது ஏற்றதன்று. செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. இனத்தின் பெயர் கெடாமல் இருக்க வளர்ப்போர் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

வளர்ந்த நாயை எடுப்பதானால்

"இதை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, நீங்கள் கொண்டு போங்கள்" என்று சிலர் வளர்ந்த நாயைக் கொடுத்துவிடுவதுண்டு. விலையில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக உடனே ஏற்கலாகாது. யாரையேனும் கடித்ததா, எந்தச் சூழ்நிலையில், சோற்றருகே யாரும் போனால் உறுமுமா, ஆடு கோழியைத் துரத்துமா, வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒருமுறை நேரில் பார்த்தால் போதாது. 3, 4 நாட்கள் வெவ்வேறு நேரத்தில் சென்று, அதன் இடத்திலேயே பழகிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன காதுச் சோதனையையும் செய்ய வேண்டும்.

பிள்ளைகளைக் கடித்துக் காயப்படுத்திய நாயை, பிள்ளைகள் உள்ள வீட்டார் எடுக்கக் கூடாது. இதில் இரக்கத்துக்கு இடம் தந்து ஆபத்தை வரவழைக்க வேண்டாம்.

எடுத்து வந்தபின் முதல் 2 வாரம் நாயைத் தனி இடத்தில் வைத்து, வீட்டுப் பெரியவர்கள் இருவர் மட்டும் தீனி, தண்ணீர், நடை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உற்றார் உறவினர் வந்து கூடி நின்று பார்ப்பதும் தடவுவதும் கூடாது. நாய் நன்கு உண்டு, வாலைத் தளர்த்தி ஆட்டத் தொடங்கியபின் மற்றவர்களைப் பழக்கலாம். முன்பு அடிபட்ட நாய் கம்பைக் கண்டாலே சீறும். அதன் முன் கம்பை ஓங்கலாகாது. கடிக்கும் குணம் தொடர்ந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

பழக்கும் முறை

குட்டி வீட்டுக்கு வந்த நாள் முதல் 14-ஆவது வாரம் வரை உள்ள நாட்களை வீணாக்கக் கூடாது. தினம் ஒரு புதிய ஆளையாவது குட்டி காண வேண்டும். முண்டாசு கட்டியவர், குடை பிடித்தவர், சைக்கிளில் வருபவர், பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய பலதரப்பட்டவரையும் காட்டி, அவர்கள் கையாலேயே சிறு தின்பண்டம் கொடுக்கச் செய்ய வேண்டும். டிராக்டர், மோட்டார், வெடி, மேளச் சத்தம் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழக்கலாம். ஆடு, மாடு, கோழி அருகே கயிற்றில் பிடித்தபடி உட்கார வைக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியாத வயதில் தெருநாய்கள் திரியும் இடத்தில் தரையில் விடாமல் கையில் தூக்கிச் செல்ல வேண்டும்.

'வா', 'உட்கார்', 'விடு', 'போதும்' என்ற நான்கு சொற்களுக்குக் கட்டுப்பட்டால் தோட்டத்து நாய்க்கு அதுவே போதிய கல்வி. ஒவ்வொரு சொல்லையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சொன்னபடி செய்ததும் ஒரு வாய் தீனி. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் போதும். ஆளை ஏவிக் கடிக்கப் பழக்குவதும், பிறரைக் காட்டி உசுப்பிவிடுவதும் அறவே கூடாது. நன்கு பழகிய ராஜபாளையம் அந்நியர் வந்தால் தானாகவே குரைத்து அறிவிக்கும். திருடனுக்கு அதன் குரலும் உருவமும் போதும்.

தங்க வைக்கும் முறை

பகலெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதை விட, வேலி அடைத்த ஓர் இடத்தில் அவிழ்த்துவிடுவது சிறந்தது. அதற்கு வசதி இல்லாதவர்கள் உறுதியான கம்பியைத் தலைக்கு மேல் நீள இழுத்துக் கட்டி, அதில் வளையம் போட்டுச் சங்கிலியைக் கோத்தால் நாய் அங்குமிங்கும் நடக்கும். சங்கிலி வேலியையோ பாதையையோ எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் காலையும் மாலையும் சேர்த்து 1 மணி நேரமாவது நடத்திச் செல்ல வேண்டும். வெள்ளைத் தோல் வெயில் தாங்காது. ஆகையால் நிழலும், எப்போதும் தண்ணீரும் அவசியம்.

சூரியகாந்தி பூக்கும் காலத்தில் வயலோரத்தில் நாயைக் கட்டி வைப்பது மிகத் தவறு. நாள் முழுதும் அந்நியர் வந்து நிற்பதும், பிள்ளைகள் கத்துவதும், சிலர் கல் எறிவதும் பழகிய நாயையும் கெடுத்துவிடும். அந்த வாரங்களில் பகலில் நாய் வீட்டிலோ அடைப்பிலோ இருக்கட்டும். வயலைக் காக்கக் கயிறு கட்டி, ஆள் நிற்பதே முறை. இரவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் வேலிக்குள் அவிழ்த்துவிடலாம். 'நாய் உள்ளது' என்ற பலகையை எழுத்தறியாதவரும் அறியும்படி நாயின் படத்தோடு வைக்க வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியவை

நாய் உண்ணும்போதும், தூங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் அருகே போகக் கூடாது. காதையும் வாலையும் இழுக்கக் கூடாது. கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம் போல் அசையாது நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு கிடக்க வேண்டும். எவ்வளவு பழகிய நாயாயினும், பெரியவர் இல்லாமல் சிறு குழந்தையை அதனோடு தனியே விடலாகாது.

நாய் கடிப்பதற்கு முன் எச்சரிக்கை தரும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடல் விறைக்கும், பின் உறுமும். உறுமியதற்காக நாயை அடிக்கக் கூடாது. அடித்தால் உறுமுவதை விட்டுவிடும். ஆனால் கடிப்பதை விடாது. பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும் நாயாகிவிடும்.

தீனியும் தடுப்பூசியும்

குட்டிக்கு 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன்பின் 2 வேளை தீனி தர வேண்டும். சோறு, கேப்பை, கம்புக் கூழோடு வேகவைத்த முட்டை, இறைச்சி, தயிர் சேர்க்கலாம். நம் பகுதியில் மிகுதியாக விளையும் சின்ன வெங்காயம் நாய்க்கு நஞ்சு; அது இரத்த அணுக்களை அழிக்கும். வெங்காயம் சேர்ந்த சாம்பாரும் குழம்பும் ஊற்றிய சோற்றைத் தவிர்க்க வேண்டும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உண்ணிக்குப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவது உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவர் தரும் மருந்தையே பயன்படுத்த வேண்டும்.

குடற்புழு மருந்தை 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறையும், பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் கொடுக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில் 16-ஆவது வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை 3-ஆவது மாதத்தில் போட்டு, பின் மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்க ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஊசியும் போடுதல் வேண்டும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டி இலவச முகாம்கள் நடத்தப்படுவது வழக்கம். இனப்பெருக்கம் செய்ய எண்ணாதவர்கள் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் குறையும்.

கடித்துவிட்டால்

தடுப்பூசி போட்ட வீட்டு நாயாயினும் கடித்தால் அலட்சியம் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், எருக்கம்பால் எதையும் வைக்கக் கூடாது. காயத்தைக் கட்டவும் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பின் 3, 7, 28-ஆவது நாட்களில் ஊசி உண்டு, ஒன்றையும் விடலாகாது. ஆழ்ந்த காயத்துக்குக் காயத்திலேயே போடும் வேறு மருந்தும் தேவைப்படும். நாய்க்கு என்ன ஆகிறது என்று 10 நாள் பார்த்துவிட்டுப் போகலாம் எனக் காத்திருப்பது தவறு. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

சட்டம் சொல்வது

தன் நாயால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறும் உரிமையாளருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பயிருக்குள் இறங்கியவர்தானே குற்றவாளி என்று வாதாடிக் கடனையும் வழக்கையும் தேடிக்கொள்ள வேண்டாம். நாயை ஓயாமல் கட்டி வைத்து நடத்திச் செல்லாமல் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாயை ஏவிக் காட்டுப்பன்றி வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றி வந்ததைக் குரைத்து அறிவிப்பது மட்டுமே நாயின் வேலை. பன்றியோடு மோதவிட்டால் நாயின் வயிறுதான் கிழியும்.

யார் வளர்க்கலாம்?

தினம் 1 மணி நேரம் நாய்க்கென ஒதுக்கக் கூடியவர், வேலி அடைத்த இடம் உள்ளவர், வீட்டில் எல்லோருடைய சம்மதமும் பெற்றவர் ராஜபாளையம் நாயைத் தயங்காமல் வளர்க்கலாம். கோம்பைக்கும் இதே முறை பொருந்தும். நடமாடத் தொடங்கிய கைக்குழந்தை உள்ள வீட்டார், குழந்தைக்கு 6, 7 வயது ஆகும் வரை பொறுத்திருப்பது நல்லது. நாயைக் கவனிக்க ஆள் இல்லாத தோட்டத்துக்கு இது ஏற்றதன்று. அங்கே நல்ல பூட்டும் முள்வேலியும் போதும்.

ஆனி மாதம் குட்டி வாங்கி, ஆடியில் காவலுக்கு விடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. இது வீண் முயற்சி. இந்த நாய்க்குக் காவல் குணம் நிலைப்பட ஒன்றரை வயதாவது ஆகும். அதற்கு முன் பொறுப்பை ஏற்றினால் பயந்த நாயாகவோ, கடிக்கும் நாயாகவோ மாறிவிடும். இந்த ஆண்டு குட்டியை எடுப்பவர் அடுத்த ஆண்டுச் சாரலைக் கணக்கில் வைத்தே எடுக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன் ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கையோடு கொண்டு சென்று குட்டியின் காதைச் சோதித்துக்கொள்வதும், எடுத்து வந்த வாரத்திலேயே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுவதும் மறக்கக் கூடாதவை.